ஸ்டியரிங்கைப் பிடிக்கும் முன் பின் கதவைத் திறந்து பாருங்கள்

கேள்வி: நானும் கணவரும், 4 வயது மகள், 8 மாத மகன், முழங்கால் தேய்மானம் உள்ள மாமியார் என வீட்டில் ஐந்து பேர். இப்போதுள்ள சின்னக் கார் போதவில்லை. சிறிய எஸ்யூவி வாங்க நினைக்கிறோம். வார நாள்களில் வேலைக்கும் மகளின் பள்ளிக்குமாக நான் ஓட்டுவேன். போக 7 கி.மீ., வர 7 கி.மீ., முழுக்க நகர நெரிசல். மாதம் ஒருமுறை ஐந்து பேருமாக 300 கி.மீ. தள்ளியுள்ள ஊருக்குப் போவோம். அப்போது ஓட்டுவது கணவர், ஆறடி உயரம். ஏழு சீட் வாங்கச் சொல்கிறார் ஒருவர், டீசல்தான் லாபம் என்கிறார் இன்னொருவர். விற்பனையாளரோ சன்ரூஃபும் நான்கு சக்கர இயக்கமும் உள்ள உயர்ந்த வேரியன்ட்டைக் காட்டுகிறார். எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: உங்கள் ஐந்து பேரில் இருவர் குழந்தை சீட்டில் உட்காருகிறவர்கள். ஒருவரால் முழங்காலை அதிகம் மடக்க முடியாது. ஒருவர் ஆறடி. இந்த நால்வரையும் உட்கார வைத்த பிறகு உங்களுக்கு ஒழுங்கான இடம் மிஞ்சுகிறதா? இதை முதலில் பார்த்துவிடுங்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், சன்ரூஃப் எல்லாம் இதற்குப் பிறகுதான். பல சிறிய எஸ்யூவிகள் இந்தக் கணக்கிலேயே விழுந்துவிடும். ஷோரூமில் ஓட்டுநர் சீட்டில் மட்டும் உட்கார்ந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது.

பின் சீட்டின் அகலத்திலிருந்து வருவோம். ஐக்கிய நாடுகளின் ஆர்129 விதியில், ஐ-சைஸ் என்ற பெயரில் விற்கும் குழந்தை சீட்டுகளின் அகலம் 44 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். இரண்டு சீட்டுக்கு 88. பெரியவர் ஒருவர் தோள் இடிக்காமல் உட்கார இன்னொரு 45. ஆக 133 செ.மீ. சிறிய எஸ்யூவிகளின் பின் சீட்டுத் தோள் அகலம் பெரும்பாலும் 130 முதல் 140 செ.மீ.க்குள் அடங்கிவிடும். விளம்பரத் தாளில் போடுகிற எண் தோள் மட்டத்தில் எடுத்தது. கதவின் கைப்பிடித் திண்டு உள்ளே துருத்துவதால் இடுப்பு மட்டத்தில் சில செ.மீ. குறையும். எனவே டேப்பை நீங்களே கொண்டுபோய், இரண்டு பக்கக் கதவுகளையும் சாத்திவிட்டு, திண்டிலிருந்து திண்டு வரை அளந்து பாருங்கள். 133க்குக் கீழே வந்தால் உங்கள் குடும்பத்துக்கு அந்த வண்டி சரிப்படாது. மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

அடுத்தது யார் எங்கே உட்காருவது. மாமியாருக்கு முன் சீட்டுதான், அதில் மாற்று யோசனையே வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்டிக்கொள்ள வேண்டும். ஆறடி உயரக் கணவரும் தன் சீட்டைப் பின்னுக்குத்தான் தள்ளுவார். மகனுக்கோ இன்னும் பின்பக்கம் பார்த்த சீட்டுதான் வேண்டும். ஐ-சைஸ் விதி குறைந்தது 15 மாதம் வரை அப்படி என்கிறது. அதற்குப் பிறகும் சீட்டின் உயர, எடை வரம்பு இடம் கொடுக்கும் வரை அப்படியே வைப்பது நல்லது. சிறு குழந்தைக்கு உடலோடு ஒப்பிட்டால் தலை கனம், கழுத்தெலும்புகள் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. முன்மோதலில் பின்பக்கம் பார்த்த சீட்டின் முதுகு, தலையையும் கழுத்தையும் ஒன்றாகத் தாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த மாதிரி சீட்டு முன்பின்னாக நிறைய இடம் கேட்கும். அதன் மேல்விளிம்பு முன் சீட்டின் முதுகில் போய் முட்டும். முன்னால் இருப்பவர் சீட்டை முன்தள்ள வேண்டிவரும். உங்கள் வீட்டில் முன்னால் உட்காரும் இருவராலுமே அது முடியாது.

இதற்கு ஒரு வழி, மகனின் சீட்டை நடுவில் வைப்பது. அப்போது அதன் மேல்விளிம்பு இரண்டு முன் சீட்டுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளிக்குள் போய்விடும். முன்னால் இருவரும் தாராளமாகப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளலாம். மகள் ஒரு ஓரம், நீங்கள் மறு ஓரம். நடைபாதைப் பக்கக் கதவை மகளுக்குக் கொடுங்கள்; இறங்கும்போது போக்குவரத்துக்குள் கால் வைக்க மாட்டாள்.

சொல்வதற்கு எளிது, இது நடக்க மூன்று விஷயம் கூடிவர வேண்டும். நடு இருக்கைக்கு இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் போதாது. 1959ல் வால்வோவில் நில்ஸ் போலின் கொண்டுவந்த, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட் வந்து இத்தனை காலமாகியும், நடு இருக்கைக்கு அதைத் தராத வேரியன்ட்டுகள் உண்டு. இரண்டாவது, குழந்தை சீட்டை பெல்ட் இல்லாமல் நேராகக் காரின் உடலோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் இரண்டு ஓரங்களில்தான் இருக்கும், நடுவில் அரிது. ஆகவே மகனுக்குப் பெல்ட்டாலேயே கட்டக்கூடிய சீட் வேண்டும். காரின் கையேட்டில் எந்த இருக்கையில் எந்த வகைக் குழந்தை சீட்டு அனுமதி என்று ஓர் அட்டவணை இருக்கும். நடு இருக்கைக்கு அனுமதி இருக்கிறதா என்று அதைப் படித்துப் பாருங்கள். விற்பனையாளரின் வாய்வார்த்தை இங்கே செல்லாது. மூன்றாவது, பெல்ட்டின் நீளம். பின்பக்கம் பார்த்த சீட்டைச் சுற்றிக் கட்டப் பெல்ட் நிறைய வேண்டும். பெல்ட்டை மாட்டும் கொக்கிக்கு ஒரு சாண் தூரத்தில் பெல்ட் தீர்ந்துபோகிற வண்டிகள் உண்டு. தாளில் இந்த நீளத்தை யாரும் போடுவதில்லை.

அதனால் இரண்டு குழந்தை சீட்டுகளையும் ஷோரூமுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கூச்சப்பட வேண்டாம், பல வருடம் வைத்திருக்கப்போகிற வண்டி. மகனின் சீட்டை நடுவில் கட்டி, பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. சில வண்டிகளில் நடு மெத்தை திட்டு போல மேடாக இருக்கும். அதில் சீட்டு நிலைக்காமல் ஆடும். பிறகு மகளை அவளுடைய பூஸ்டர் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் மாட்டிப் பாருங்கள். இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே உங்கள் கை கீழே இறங்கி, கொக்கியில் 'கிளிக்' என்று மாட்ட முடிகிறதா? கொக்கி விறைப்பான தண்டில் நின்றால் சுலபம். துணிப்பட்டையில் தொங்கினால் ஒவ்வொரு முறையும் சீட்டுக்கு அடியில் தேடித் துழாவ வேண்டியிருக்கும், காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அது பெரிய தொல்லை.

வார நாள்களில் கூட்டம் இல்லாததால், மகனின் சீட்டை ஓரத்தில் ஐசோஃபிக்ஸில் மாட்டலாம் என்று தோன்றும். மாட்டலாம். ஆனால் தரையில் கால் ஊன்றும் வகை என்றால், அந்தக் கால் நிற்கும் இடத்தில் தரைக்கு அடியில் சாமான் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் மூடி மோதலின் சுமையைத் தாங்காது. தயாரிப்பாளரின் நிரப்புக்கட்டை இல்லாமல் அங்கே கால் ஊன்றக் கூடாது. ஐசோஃபிக்ஸுக்கு எடை வரம்பும் உண்டு: ஆர்129 கணக்கில் சீட்டும் குழந்தையும் சேர்ந்து 33 கிலோ. இன்னொன்றையும் இப்போதே யோசித்துவிடுங்கள். மகனின் இந்தத் தொட்டில் சீட்டு அதிக நாள் வராது, அடுத்து வருவது இதைவிடப் பெரியது. கடையில் அந்தப் பெரிய அளவை ஒருமுறை அளந்து எழுதிக்கொண்டு போனால் நல்லது.

மாமியாரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். முழங்கால் வலி உள்ளவர் காருக்குள் ஏறுவதில்லை, உட்காருகிறார்: முதுகைக் காட்டி நின்று, மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே சுழற்றுவார். மெத்தை தாழ்ந்திருந்தால் முழங்கால் அதிகம் மடங்கும். மிக உயர்ந்திருந்தால் எம்பி ஏற வேண்டும். அவர் நிற்கும்போது மெத்தையின் விளிம்பு தொடையின் மேல்பகுதியில், பிட்டத்துக்குச் சற்றுக் கீழே படுவதுதான் சரியான உயரம். சிறிய எஸ்யூவிகளின் உண்மையான வரம் இந்த உயரம்தான் என்பேன். 1994ல் டொயோட்டா ரேவ்4 வந்த காலத்திலிருந்தே இந்த வகை வண்டிகளில் பெரும்பாலானவை காரின் உடல் அமைப்பை உயர்த்திக் கட்டியவை. காட்டுக்குள் போகவென்று செய்தவை அல்ல.

கால்களைச் சுழற்றும் அந்தக் கணத்தைக் கூர்ந்து கவனியுங்கள். கதவுக்குக் கீழேயுள்ள வாசல்படி அகலமாக இருந்தால் கெண்டைக்கால் அதில் இடித்து, காலை இன்னும் உயரத் தூக்க வேண்டிவரும். கதவு ஏறக்குறைய செங்கோணமாகத் திறந்தால் பாதம் எங்கும் தட்டாது. கை எங்கே போகிறது என்றும் பாருங்கள். கூரையோரம் பிடி இருந்தால் அதைப் பிடிப்பார். இல்லாவிட்டால் கதவைப் பிடிப்பார், கதவு நகர்ந்து ஆளைச் சாய்த்துவிடும். பல வண்டிகளில் சீட்டின் உயரத்தை ஏற்றி இறக்கும் வசதி ஓட்டுநருக்கு மட்டும்தான் உண்டு. பக்கத்து சீட்டுக்கும் அது இருக்கும் வேரியன்ட் கிடைத்தால், சன்ரூஃபைவிட அதற்குக் கொடுக்கும் காசு உங்கள் வீட்டுக்கு ஆயிரம் மடங்கு பயன்.

ஏழு சீட் யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன். சிறிய வண்டிகளில் மூன்றாம் வரிசைக்குப் போக நடு வரிசை சீட்டை மடக்கிக் கவிழ்க்க வேண்டும். அதில் குழந்தை சீட்டு மாட்டியிருந்தால் கவிழ்க்கவே முடியாது. மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் டிக்கியில் இரண்டு பைகள் நிற்கும், தள்ளுவண்டி நிற்காது. பின்கண்ணாடி தலைக்கு மிக அருகில் இருக்கும். பக்கத் திரை ஏர்பேக் அந்த வரிசை வரை நீள்கிறதா என்பதும் வண்டிக்கு வண்டி மாறும்.

டிக்கியை லிட்டரில் பார்த்து ஏமாறாதீர்கள். வழக்கமான முறையில் 20 x 10 x 5 செ.மீ. அளவுள்ள, ஒரு லிட்டர் கட்டைகளை அடுக்கி எண்ணுவார்கள். சந்துபொந்தில் எல்லாம் அந்தக் கட்டை நுழையும். உங்கள் தள்ளுவண்டி நுழையாது. சிலர் ஜன்னல் விளிம்பு வரை அளக்கிறார்கள், சிலர் கூரை வரை. தரைக்கு அடியிலுள்ள பள்ளத்தையும் சேர்ப்பவர்கள் உண்டு. மடக்கிய தள்ளுவண்டியைப் படுக்கவைத்து, அதன் மேல் நீங்கள் வழக்கமாக எடுத்துப்போகும் பெட்டிகளை வைத்து, கதவைச் சாத்திப் பாருங்கள். சக்கர மேடுகளுக்கு இடையிலுள்ள அகலமும், ஏற்றும் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதும்தான் அன்றாடம் கைக்குத் தெரியும். தளம் அந்த விளிம்போடு சமமாக இருந்தால் கனமான பெட்டியை இழுத்தே இறக்கலாம்.

அங்கேயே தளத்தைத் தூக்கி ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பசையும் காற்றடிக்கும் கருவியும் மட்டும் தருகிற வண்டிகள் பெருகிவிட்டன. ஆணி குத்திய ஓட்டையை அது அடைக்கும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. இரவு நேரத்தில், இரண்டு குழந்தைகளோடு, ஊருக்கு 150 கி.மீ. முன்னால் நிற்கும் நிலையை நினைத்தால், ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னியாவது இருக்கட்டும். பெரும்பாலும் அதற்கு மணிக்கு 80 கி.மீ. வேக வரம்பு உண்டு.

கூரைமேல் பெட்டி வைக்கலாமே என்று பிறகு தோன்றலாம். கூரையின் அனுமதி எடை பல வண்டிகளில் 50 முதல் 75 கிலோதான், தாங்கும் கம்பிகளும் பெட்டியும் அந்தக் கணக்கில் சேர்ந்தவை. வண்டியின் மொத்தச் சுமைக்கும் எல்லை உண்டு. பதிவுத் தாளிலும் கதவோர ஒட்டுத் தாளிலும் உள்ள அதிகபட்ச மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று வரும். உங்கள் ஐவரின் எடை, இரண்டு சீட்டுகள், பெட்டிகள் எல்லாவற்றையும் கூட்டி அதோடு ஒப்பிடுங்கள்.

இன்ஜினுக்கு வருகிறேன். டீசல் வேண்டாம். டீசல் வண்டியின் புகைப்பாதையில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது அவ்வப்போது சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குத் தடையில்லாமல் 15, 20 நிமிடம் ஓட்டம் வேண்டும். நெரிசலில் 7 கி.மீ. ஓட்டி நிறுத்தினால் எரிப்பு பாதியில் நின்றுபோகும். அடுத்த முறை மறுபடி தொடங்கி, மறுபடி நிற்கும். எரிப்புக்கென்று கூடுதலாகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியே இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் மட்டம் ஏறும், அதன் வழுவழுப்பு போகும். கடைசியில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி வேகம் எடுக்காமல் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். மாதம் ஒரு நெடும்பயணம் இதற்கு ஈடாகாது. டீசல் பிடிவாதமாக வேண்டும் என்பவர்கள் வாரம் இரண்டு முறையாவது நெடுஞ்சாலையில் ஓடுகிறவர்களாக இருக்க வேண்டும்.

உங்கள் ஓட்டத்துக்கு முதல் தேர்வு முழு ஹைபிரிட்: பெட்ரோல் இன்ஜினோடு, தனியாகவே கொஞ்ச தூரம் ஓட்டக்கூடிய மின்மோட்டாரும் உள்ள வண்டி. நின்று நின்று போகும்போது இன்ஜின் அணைந்துவிடும், பிரேக் பிடிக்கும் சக்தியில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பும். நகரத்தில்தான் அதன் மிச்சம் தெரியும். வண்டி நிறுத்துமிடத்தில் சொந்த மின் இணைப்பு இருந்தால் மின்சாரக் காரும் பொருந்தும். தினசரி 14 கி.மீ.க்கு 2 முதல் 3 யூனிட் போதும், சாதாரண பிளக்கிலேயே ஏறிவிடும். ஆனால் 300 கி.மீ. நெடுஞ்சாலைக்கு 100 கி.மீ.க்கு 17 முதல் 20 யூனிட் என்று வைத்தால் 50, 60 யூனிட் ஆகும். சிறிய எஸ்யூவிகளின் பேட்டரி பலவும் அதற்குள்தான். வழியில் ஒரு வேக சார்ஜ் நிறுத்தம் நிச்சயம். அந்த வழியில் நம்பகமான நிலையம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

பெட்ரோல்தான் என்று வந்தால், ஐந்து பேரும் சாமானும் ஏசியுமாக மேட்டில் ஏற டர்போ இன்ஜின் உதவும். வாங்கும் முன் ஒன்று கேளுங்கள்: வால்வுகளை இன்ஜினின் சுழற்சியோடு இணைக்கும் டைமிங்குக்குச் செயினா, வெளியே ஓடும் பெல்ட்டா, ஆயிலுக்குள் ஓடும் பெல்ட்டா? ஆயிலுக்குள் ஓடுவது என்றால், குறிப்பிட்ட ரக ஆயில் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. தப்பான ஆயிலில் பெல்ட்டின் ரப்பர் உதிர்ந்து, ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். ஆயில் அழுத்தம் விழுந்தால் இன்ஜினே போய்விடும். எந்த இன்ஜினானாலும், 7 கி.மீ. ஓட்டத்தில் ஆயில் சரியாகச் சூடேறாது, ஈரமும் எரியாத பெட்ரோலும் அதில் தங்கும். கிலோமீட்டர் ஏறவில்லையே என்று விடாமல், வருடம் ஒருமுறையாவது மாற்றிவிடுங்கள்.

கியர்பாக்ஸில் உங்கள் எதிரி நெரிசல். தானாகக் கியர் மாற்றுபவற்றில், இரண்டு கிளட்ச் ஆயிலில் நனையாமல் மாறிமாறி இயங்கும் உலர்ந்த இரட்டைக் கிளட்ச் வகை, ஊர்ந்து ஊர்ந்து போகும்போது பாதி பிடித்தும் பாதி விட்டும் வழுக்குவதால் சூடாகும்; நடுக்கமும் எச்சரிக்கையும் அங்கிருந்துதான் தொடங்கும். ஆயிலின் ஓட்டத்தால் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகையில் அந்த வழுக்கல் ஆயிலுக்குள் நடப்பதால் ஊர்தல் அதற்கு வலிக்காது. தனித்தனிக் கியர்கள் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் சிவிடியும் நகரத்துக்கு மென்மையானது, அதன் ஆயிலைக் குறித்த காலத்தில் மாற்றினால்.

நான்கு சக்கர இயக்கம், அடிக்கடி சேற்றிலோ பனியிலோ போகாதவர்களுக்கு வீண் எடை. சில மாடல்களில் அது டிக்கியின் ஆழத்தையும் தின்னும். அதைவிட உங்களுக்கு வேண்டியது சிறிய சக்கரம். 215/60 ஆர்16 டயரின் பக்கச்சுவர் 129 மி.மீ.; கிட்டத்தட்ட அதே விட்டமுள்ள 215/50 ஆர்18 டயருக்கு 107.5 மி.மீ.தான். அந்த 2 செ.மீ. ரப்பரும் காற்றும்தான் பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்பவை. 18 அங்குலச் சக்கரம் நிழற்படத்தில் அழகு. குழந்தை தூங்கும்போதும் மாமியாரின் முழங்கால் அதிரும்போதும் 16தான் அழகு. தரை இடைவெளியையும் வெறும் வண்டியில் சொன்ன எண்ணாகவே நினையுங்கள். ஐந்து பேர் ஏறினால் அது இறங்கும்.

சன்ரூஃபின் சட்டம் கூரையிலிருந்து சில செ.மீ. உயரத்தை எடுத்துக்கொள்ளும்; ஆறடிக்காரருக்கு அது தலையில் தெரியும். அதன் மூலைகளில் மழைநீர் வடியும் குழாய்கள் தூண்களுக்குள் இறங்குகின்றன. இலையும் தூசியும் அடைத்தால் தண்ணீர் தரைவிரிப்புக்குள் வந்து நிற்கும். வேண்டுமென்றே வாங்கினால் வருடம் இருமுறை அவற்றைச் சுத்தம் செய்யுங்கள்.

பாதுகாப்பில் பேரம் கிடையாது: வண்டி வழுக்கிச் சுழலாமல் காக்கும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு, 6 ஏர்பேக், ஐந்து இருக்கைக்கும் மூன்று முனை பெல்ட், தானியங்கி அவசர பிரேக். மோதல் சோதனையின் நட்சத்திரத்தோடு எந்த வருடம் சோதித்தது என்பதையும் பாருங்கள், விதிகள் சில ஆண்டுக்கு ஒருமுறை கடுமையாகின்றன. குழந்தைப் பயணிக்கான மதிப்பெண்ணைத் தனியே எடுத்துப் படியுங்கள். மொத்த நட்சத்திரம் நன்றாக இருந்தும் அந்த மதிப்பெண் தாழ்ந்திருப்பதுண்டு. சோதித்த வேரியன்ட்டும் நீங்கள் வாங்குவதும் ஒன்றா என்று கேளுங்கள்.

ஆக, உங்களுக்கு ஐந்து சீட், 4.2 முதல் 4.4 மீட்டர் நீளம், முன்சக்கர இயக்கம், 16 அல்லது 17 அங்குலச் சக்கரம், ஹைபிரிட் அல்லது டார்க் கன்வெர்ட்டர் பெட்ரோல். 4 மீட்டருக்குக் குறைந்தவற்றில் 133 செ.மீ. கிடைப்பது சிரமம். கிடைத்தால் தாராளமாக அதையே எடுங்கள், நிறுத்த எளிது. வீட்டில் வண்டி நிற்கும் இடத்தையும் அளந்துவிடுங்கள். குழந்தை சீட்டைத் தூக்கி வைக்கப் பின் கதவு நன்றாகத் திறக்க வேண்டும், பக்கச் சுவரிலிருந்து 70 செ.மீ.யாவது விடுபட வேண்டும்.

டெஸ்ட் டிரைவை இருமுறை கேளுங்கள். முதல்முறை நீங்கள், காலை நெரிசலில், பள்ளி வழியே. இரண்டாம் முறை கணவர் ஓட்ட, ஐந்து பேரும் ஏறி, ஏசியைப் போட்டு, ஒரு மேடும் ஒரு வேகத்தடையும் உள்ள பாதையில் அரை மணி நேரம். வேகத்தடையில் அடி உரசுகிறதா என்று கேளுங்கள். பின்னால் உட்கார்ந்த உங்களுக்குக் காற்று வருகிறதா, மகனின் சீட்டு தோளை இடிக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வந்ததும் மாமியார் எப்படி இறங்குகிறார் என்பதைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். உட்காருவதைவிட எழுவதில்தான் முழங்காலுக்கு வேலை அதிகம்.